முற்றத்து வீட்டில் விருந்தினர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா கட்டிய முற்றம் வைத்த வீடு எங்களுடையது. தாத்தா, பாட்டி இருவரும் இல்லை. அப்பாவும் இரண்டு அத்தைகளும் வாரிசுகள். நாங்கள் குடியிருக்கிறோம், நாலு அறை பூட்டியே கிடக்கிறது. மொராக்கோவில் இப்படிப்பட்ட பழைய வீடுகளைப் பயணிகள் தங்கும் இடமாகப் பதிவு செய்கிறார்களாம். இங்கே முடியுமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: முடியும். மராகேஷ் போன்ற ஊர்களில் ‘ரியாத்’ என்கிற முற்றத்து வீட்டை விருந்தினர் இல்லமாக வகைப்படுத்த அந்த நாட்டுச் சுற்றுலாச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஊரில் முதலில் பார்ப்பது அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதைத்தான். உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசித்தால் அது ஹோம்ஸ்டே. பூட்டிவிட்டு ஆள் வைத்து நடத்தினால் லாட்ஜ். அதற்கான அனுமதிகளே வேறு. நீங்கள் அங்கேயே இருப்பதால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி பத்திரம். பட்டாவும் சொத்து வரியும் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். வில்லங்கச் சான்றிதழ் போட்டு, பழைய அடமானம் ஏதாவது தீர்க்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால், எந்த மதத்தின் வாரிசுச் சட்டப்படி பார்த்தாலும் அத்தைகளுக்குப் பங்கு உண்டு. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் அப்பா பெயருக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்யலாம். உடன்பிறந்தோர் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். சம்மதமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பங்கை அவர்களிடமே வைத்துக்கொண்டு, வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பித் தொடங்கினால், கையில் காசு வர ஆரம்பித்ததும் சண்டையும் வரும். அதன் பிறகு பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கட்டும்.

இனி வீடு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை, மொத்தம் 12 படுக்கைக்கு மேல் போகாமல் விருந்தினருக்கு விடலாம். வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம் உண்டு. வெள்ளிப் பிரிவுக்கு அறை 120 சதுர அடி, குளியலறை 30 சதுர அடி; தங்கப் பிரிவுக்கு 200, 40. ஒவ்வோர் அறைக்கும் ஒட்டிய குளியலறையும் மூடியுள்ள மேற்கத்திய கழிப்பறையும் வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தபின் குழு நேரில் வந்து பார்க்கும்.

வடசென்னைப் பழைய வீடுகள் தடுக்கி விழுவது இந்த அளவில்தான். எட்டுக்குப் பத்து அறை 80 சதுர அடிதான் வரும். உடனே மேஸ்திரி, “நடுச்சுவரை எடுத்துடலாம்” என்பார். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற இந்தப் பழைய பாணிக் கூரையில் தேக்கு உத்தரங்கள் சுவருக்குச் சுவர் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அந்தச் சுவரை எடுத்தால் உத்தரத்துக்குப் பிடிமானம் போய்விடும். பெரிய அறைகள் இரண்டை மட்டும் விருந்தினருக்கு விடுங்கள், போதும். குளியலறையை மாடியில் வைக்காதீர்கள். கசியும் நீர் உத்தரத்தின் முனை வழியாகச் சுவருக்குள் இறங்கும். வெளியே தெரிவதற்குள் மரம் உளுத்துவிடும். கீழே கொல்லைப் பக்கம் கட்டி, அறையிலிருந்து கதவு திறந்துகொள்ளுங்கள். கூரை ஒழுகினால் மேலே சிமென்ட் பூசுவதும் தவறு. சிமென்ட் வெடிக்கும், உள்ளே போன ஈரம் வெளியேற வழியிருக்காது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்து செய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள், காத்திருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மண்ணடியில் ஒரு பழைய வீட்டை லீசுக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்தலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் இடமில்லை. உரிமையாளர் குடும்பம் அங்கே வசிக்க வேண்டும். லீசு எடுத்தவர் நடத்தினால் அது தங்கும் விடுதி. முன்பணம் கொடுக்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டது நல்லது.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் ஒரே ஒரு இரவு தங்கினாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கட்டாயம். ‘பார்ம் சி’ என்று எல்லோரும் சொல்லும் விவரத்தை, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான பயனர் கணக்கை வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் சரிபார்த்த பிறகுதான் தரும். ஆகவே முதல் விருந்தாளிக்குத் தேதி கொடுக்கும் முன்பே கணக்கு வாங்கிவிடுங்கள். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களை வந்தவுடனே, பெட்டியை இறக்கும் முன்பே, வெளிச்சத்தில் படமெடுங்கள். உள்ளூர் விருந்தாளிக்கும் பதிவேடும் அடையாள அட்டை நகலும் உண்டு.

கேள்வி: காலைச் சிற்றுண்டி தருவோம். உணவு உரிமம், ஜிஎஸ்டி, கரன்ட் இதற்கெல்லாம் என்ன செய்வது?
– வாசகி, காசிமேடு

பதில்: இட்லியும் வடைகறியும்தான் என்றாலும், காசு வாங்கி உணவு தருவதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். செலவைக் கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை; முன்பதிவுத் தளம் வழியாக வரும் அறைகளுக்கு அந்தத் தளமே வரி கட்டும்.

மின்சாரத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். எந்தக் கட்டண வகை என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாகக் கண்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று கணக்கிட முடியாவிட்டால், பின்னோக்கி 12 மாதத்துக்கும் சேர்த்து.