சென்டர்போர்டுக்குக் கம்பிக் கயிறா, டைனீமாவா?

கேள்வி: கொச்சிக் காயலில் சிறிய பாய்மரப் படகு ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். அதன் அடிப்பகுதியில் உள்ள சென்டர்போர்டை (படகு பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகையை) ஏற்றி இறக்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிக் கயிற்றில் இழைகள் அறுந்து, கையைக் குத்துகின்றன. அதற்குப் பதிலாகச் செயற்கை இழைக் கயிறு போடலாமா? போர்வெல் மோட்டார் இறக்கும் நைலான் கயிறே போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: செயற்கை இழைக் கயிறு தாராளமாகப் போடலாம்; ஆனால் போர்வெல் நைலான் கயிறு வேண்டாம். நைலான் இழுக்க இழுக்க நீளும், நனைந்தால் வலுவும் குறையும் என்பதால், பலகை நீங்கள் நிறுத்திய ஆழத்தில் நிற்காது. உங்களுக்கு வேண்டியது டைனீமா என்ற மிக வலுவான பாலிஎத்திலீன் இழைக் கயிறு. அதே தடிமனுள்ள கம்பிக் கயிற்றைவிட வலுவானது, துருப்பிடிக்காது, மிகக் குறைவாகவே நீளும்.

ஜீப்பில் பொருத்தும் வின்ச்சுக்கென்று (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவிக்கென்று) விற்கப்படும் கயிறுகளிலும் இந்த இழை உண்டு என்றாலும், பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் டைனீமா மிதக்கும். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். ஆனால் மலிவான பாலிபுரொப்பிலீனும் மிதக்கும் என்பதால், அந்தச் சோதனை மட்டும் போதாது. எஸ்கே78 போன்ற இழைத் தரத்தையும் அறுபடும் எடையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருள் மாறியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

கயிற்றைவிட முக்கியம் கப்பி. பல ஆண்டுகள் கம்பி ஓடிய கப்பியின் குழியில் கண்ணுக்குத் தெரியாத பிசிறுகள் நிற்கும். பஞ்சை வைத்துத் தேய்த்தால் அவை பஞ்சைப் பிடித்து இழுக்கும். அந்தக் கப்பியில் புதுக் கயிற்றை ஓட்டினால் இழை இழையாக அறுத்துவிடும். உங்கள் ஊரில் கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவதொரு லேத் பட்டறையில் கொடுத்து, புதுக் கயிறு அகலமாக உட்காரும்படி குழியை அரைவட்டமாகக் கடைந்து, வழுவழுப்பாக்கி வாங்குங்கள். தேய்ந்து மெலிந்த கப்பியைக் கடையாமல் மாற்றிவிடுவதே நல்லது.

முனையில் முடிச்சுப் போடாதீர்கள். டைனீமா வழுக்கும் இழை, முடிச்சில் வலுவும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பன்னிரண்டு புரிப் பின்னல் கயிறாக வாங்கி, முனையைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பிணையுங்கள். உள்ளே போகும் நீளம் தடிமனைப் போல் 72 மடங்கு இருக்க வேண்டும், அதாவது 5 மி.மீ. கயிற்றுக்கு 36 செ.மீ.

படகு மாதக்கணக்கில் உப்புநீரிலேயே கிடக்குமானால், பலகை ஏறி இறங்கும் பெட்டிக்குள் கொட்டலசுகள் (பார்னக்கிள் எனப்படும் ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) ஒட்டி வளரும். அவற்றின் கூரிய விளிம்பு கம்பியை ஒன்றும் செய்யாது, டைனீமாவை அறுத்துவிடும். அடிக்கடி கரையேற்றிச் சுரண்ட வசதியில்லையென்றால், புதுக் கம்பிக் கயிறே போட்டுக்கொள்ளுங்கள்.