அம்மாவின் புடவைகளில் ஒரு சுவர்க் குவில்ட்: எந்தத் துணிக்கு எந்த வேலை?

சின்னாளபட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா காலமான பிறகு இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புடவைகள் அவரிடம் வந்திருக்கின்றன. பெரும்பாலும் சுங்குடி, சில கண்டாங்கி, நான்கைந்து காஞ்சிப் பட்டு. அதோடு தெருமுனை டெய்லர் கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணிகள், திருப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பனியன் துணி ஒரு மூட்டை. எல்லாவற்றையும் சேர்த்து நாலடிக்கு ஐந்தடி அளவில் சுவரில் மாட்டும் குவில்ட் (துண்டுத்துணிகளைச் சேர்த்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் விரிப்பு) ஒன்று தைக்க ஆசை. ஒத்திகையாகச் சிறிதாக ஒன்று தைத்துப் பார்த்தபோது மூன்று தொல்லைகள்: துணி முழுக்கச் சுருக்கம் விழுந்தது, பட்டு தையல் ஓரத்திலேயே கிழிந்தது, அலசியதும் சுங்குடிச் சிவப்பு வெள்ளையில் இறங்கிவிட்டது. வீட்டில் காலியாக இருக்கும் எட்டுக்குப் பத்து அறையும், காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷினும் இருக்கின்றன. "இதை வைத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்ய முடியுமா? அம்மாவின் முகூர்த்தப் புடவையை வெட்டலாமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். உங்கள் மெஷினும் அறையும் போதும். மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான்: எல்லாத் துணிக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் உடுத்தித் துவைத்த சுங்குடியும், பெட்டியில் மடிப்பிலேயே கிடந்த பட்டும், கடையிலிருந்து நேற்று வந்த புதுப் பருத்தியும் ஒரே இழுப்பைத் தாங்காது. பழந்துணியில் வேலை செய்கிறவர்கள் நிறத்தை அப்புறம் பார்ப்பார்கள். முதலில் பார்ப்பது துணியின் பலம்.

அதைப் பார்க்கக் கண்ணும் கட்டைவிரலும் போதும். புடவையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இழைகள் ஒதுங்கி ஊசிமுனை அளவு வெளிச்சம் வருகிற இடங்கள் தெரியும். இடுப்பில் செருகும் பகுதியும் தரையில் உரசும் கீழ்க்கரையும்தான் பெரும்பாலும் முதலில் போயிருக்கும். முந்தானைப் பக்கம் நன்றாகவே இருக்கும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை இறுகப் பிடித்து, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்குவாக்கில் ஒருமுறை மெதுவாக இழுங்கள். அப்படியே நின்றால் பலமான துணி. இழைகள் விலகி இடைவெளி தெரிந்தால் துணை கொடுத்துப் பயன்படுத்தலாம். 'சிர்'ரென்று ஒரு சத்தம் வந்தால் அந்தத் துணியால் எந்தப் பாரத்தையும் சுமக்க முடியாது. மேலே ஒட்டுத்துணியாக உட்கார மட்டுமே அது ஆகும். இப்படி மூன்று குவியலாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெய்லர் கடைத் துணியில் எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று சந்தேகம் வந்தால் ஓரத்து நூலைப் பிரித்தெடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகச் சுருளும். உருகுவதை இந்தக் குவில்ட்டில் சேர்க்க வேண்டாம், பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பனியன் துணியையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இழுத்தால் நீளும் துணியை நீளாத துணியோடு தைத்ததுதான் உங்களுக்கு விழுந்த சுருக்கத்தில் பாதி.

இனி பட்டு. பழைய காஞ்சிப் பட்டு மூன்று இடத்தில் விட்டுக்கொடுக்கும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த கோடுகள் முதலாவது. அந்தக் கோட்டைத் துண்டுக்குள் விடாதீர்கள், அதன் இருபுறமும் வெட்டி எடுங்கள். இரண்டாவது, உடலும் கரையும் சேருகிற கோர்வை. தனித்தனி ஊடுநூலில் நெய்து பூட்டிய அந்த இடத்தில் ஒருபுறம் கனமான ஜரிகைக் கரை, மறுபுறம் மெலிந்த உடல். வருஷங்கள் ஆக ஆகக் கனம் மெலிவை இழுத்துக்கொண்டு வந்துவிடும். கோர்வையோடு துண்டு வேண்டுமென்றால் வெட்டுவதற்கு முன்பே பின்னால் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் வைத்து, குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு அழுத்துங்கள். ப்ளவுஸ் கழுத்துக்கு வைக்கிறார்களே, அதிலேயே இருப்பதில் மிக மெல்லியதாகக் கேட்டு வாங்க வேண்டும். தடித்தது பட்டை அட்டைபோல் ஆக்கிவிடும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு நடந்தது. நெருக்கமாகப் பொடித்தையல் போட்டால் உறுதியாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். பழம்பட்டில் ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலையின் ஓரம் மாதிரி, கிழிப்பதற்கு நாமே வழி போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் போதும். ஊசி பதினொன்றாம் நம்பர், புதியதாக இருக்கட்டும். ஜரிகையில் ஓடிய ஊசி சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய ஊசி பட்டிழையைக் குத்தாமல் இழுத்துக்கொண்டு போகும். நூல் விஷயத்தில் என் கருத்து: பழந்துணிக்குப் பருத்தி நூல்தான். நாளைக்கு ஏதாவது இழுத்தால் நூல் அறுந்து போகட்டும், மறுபடி தைத்துக்கொள்ளலாம். கெட்டியான பாலியஸ்டர் நூல் தான் பிழைத்துக்கொண்டு துணியை அறுத்துவிடும்.

சாயம் இறங்கியதற்கு வருவோம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயம் போடும்போது நூல் சாயத்தை வாங்கிக்கொள்ள உப்பு உதவுவது உண்மை. ஒட்டாமல் தங்கிவிட்ட உபரிச் சாயத்தை அது பிணைத்து வைக்காது. அந்த உபரி வெளியே போயே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி வாளியில், நல்ல சூடான தண்ணீரில் சோப்பு போட்டு, தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். பிறகு ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியின் மேல் வைத்து, சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறை இல்லையென்றால் பயமில்லை. நாலு முறை அலசிய பிறகும் விடுகிற துணி இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அது சேருகிற குவில்ட்டை ஒருநாளும் தண்ணீரில் போடக் கூடாது. பட்டைச் சூடான தண்ணீருக்கே கொண்டுபோகாதீர்கள். கெட்டுப்போன அந்தச் சிறு துண்டில் பட்டு இல்லாவிட்டால், அதையும் காப்பாற்றப் பார்க்கலாம்: வாளி நிறையச் சூடான தண்ணீரும் சோப்பும் ஊற்றி, துணி தாராளமாக மிதக்கும்படி ஓரிரவு ஊறவிடுங்கள். கறை போகிற வரை இஸ்திரி மட்டும் போடாதீர்கள்.

இப்போது தைக்கும் முறை. துண்டோடு துண்டைச் சேர்த்துத் தைத்து, அது பெரிய விரிப்பானதும் பின்துணி கோர்ப்பது ஒரே வகைப் புதுத்துணிக்கு ஏற்ற வழி. உங்கள் பெட்டிக்கு அடித்துணி முறைதான் சரி. பழைய எட்டுமுழ வேட்டி ஒன்றைப் பதின்மூன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நடுவில் முதல் துண்டை நல்ல பக்கம் மேலே வரும்படி வையுங்கள். இரண்டாவதை அதன்மேல் கவிழ்த்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த வைத்து, கால் அங்குலம் விட்டு அடித்துணியோடு சேர்த்தே தையுங்கள். திருப்பிப் போட்டு விரலால் நீவி இஸ்திரி போடுங்கள். மூன்றாவது துண்டை அடுத்த ஓரத்தில். இப்படியே சதுரம் நிறைந்ததும் ஓரத்தை வெட்டிப் பன்னிரண்டரை அங்குலமாக்குங்கள். இருபது சதுரம் சேர்த்தால் தையல் போக நீங்கள் கேட்ட நாலடிக்கு ஐந்தடி வந்துவிடும். இழுப்பை எல்லாம் வேட்டி தாங்கிக்கொள்கிறது, பட்டும் சுங்குடியும் அதன்மேல் சும்மா இருந்தால் போதும். ஒரு துண்டு நேர் இழையிலும் இன்னொன்று கோணலிலும் வெட்டியிருந்தாலும் சுருக்கம் விழாது. சதுரம் சின்னதாக இருப்பதால் மிதிமெஷினின் கைக்குள் துணியைத் திணித்துக்கொண்டு போராடவும் வேண்டாம்.

மெலிந்த பருத்திப் புடவை வெட்டும்போது நழுவும். கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் காகிதம்போல் நிற்கும், கத்தரி நேராக ஓடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. துணியில் தங்கும் கஞ்சிக்குக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். கடைசியில் அலசப் போகிற பருத்திக் குவில்ட் என்றால் கஞ்சி போடுங்கள். உங்களுடையதில் பட்டு இருக்கிறது, சாயம் விடுகிற துணியும் இருக்கலாம், அலசவே முடியாது. ஆகவே வெட்டுவதற்கு முன் கஞ்சி வேண்டாம். நழுவுகிற துணிக்கு அடியில் செய்தித்தாளை வைத்துக் குண்டூசி குத்தி, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள்.

உள்ளே வைக்கக் கடையில் விற்கும் பஞ்சு ஷீட் வேண்டாம். அந்த இழைகள் நைந்த நெசவுக்குள் புகுந்து மேலே மயிர்போல் எட்டிப் பார்க்கும். நன்றாகத் துவைத்துப் பழகிய சென்னிமலைப் போர்வை ஒன்று இருந்தால் அதுவே போதும். சுவரில் தொங்குவதற்குப் பருமன் எதற்கு? பின்துணியை எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். தரையில் விரித்து, ஓரங்களை டேப் ஒட்டி விறைப்பாக நிறுத்தி, மேலே போர்வை, அதன்மேல் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த முகத்துணி. மூன்றையும் நடுவிலிருந்து வெளியே நோக்கி, நாலு விரல் இடைவெளியில் பெரிய பெரிய ஓட்டுத்தையலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதை அலுப்பில் விட்டுவிட்டால் மறுபடியும் சுருக்கம்தான்.

நிரந்தரத் தையலைக் கையால் போடச் சொல்வேன். வங்காளத்துக் காந்தா அப்படித்தான் வளர்ந்தது: பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையல். நமக்கு இன்னும் பக்கத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பகுதிகளில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களின் கவந்த் என்ற ஒட்டுத்துணிப் போர்வை இருக்கிறது. பின்துணியாக ஒரு பருத்திப் புடவை, அதன் மூலையில் ஆரம்பித்து, துண்டுகளை ஓரம் மடித்து வைத்துக்கொண்டே, வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு சேர்ப்பதும் அடுக்கைத் தைப்பதும் ஒரே தையலில் முடிகிறது. அவர்கள் வரைந்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதில்லை, கைக்கு வருகிற துணியே அடுத்த நிறத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் பருத்திக் குவியலை வைத்துச் சின்னதாக ஒரு கவந்த் போட்டுப் பாருங்கள். பட்டுக் குவில்ட்டில் கை வைப்பதற்கு முன் உங்கள் விரலுக்கு வேறெதுவும் இவ்வளவு பழக்கம் தராது.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நம் புடவைகள் எல்லாமே உரத்துப் பேசும் நிறங்கள்: அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ. நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது. செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த அடுக்கு எடுபடாது. அப்போது கை கொடுப்பது மங்கின துணிதான்: பழுப்பேறிய வேட்டி, வெளுத்துப்போன கண்டாங்கி, சுங்குடியின் பின்பக்கம். எல்லாவற்றையும் இரண்டங்குலச் சதுரமாக நறுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. சுங்குடி என்று தெரியப் புள்ளிகளின் ஓட்டம் ஒரு சாண் அகலமாவது தெரிய வேண்டும். கண்டாங்கிக் கட்டமும் அப்படித்தான். அம்மா இழை எடுத்து அடைத்த கிழிசல் இருந்தால் அதை நடுவிலேயே வையுங்கள்.

அறைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தெர்மாகோல் பலகை இரண்டை நிறுத்தி, மேலே கம்பளி அல்லது ஃபிளானல் துணியைப் போர்த்துங்கள். குத்தாமலே துண்டுகள் ஒட்டி நிற்கும், தள்ளி நின்று பார்க்கலாம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் முடிவு செய்யுங்கள். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல், பலத்தின்படி பிரித்த குவியல்களை வேட்டித் துணியில் சுற்றி, கூடவே வசம்புத் துண்டுகளை முடிந்து வையுங்கள். பழந்துணியை உதறும்போது முகக்கவசம் அவசியம்.

முகூர்த்தப் புடவை. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் பழைய உடைகளில் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டு உலகமெங்கும் பேசப்பட்டன. அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். வெளுத்த இடமும் கறையும் அப்படியே அதில் இருக்கின்றன. வெட்டுவது அவமதிப்பு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில், அந்தப் புடவை எந்தக் குவியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டைவிரல் சோதனையில் அது நின்றால் வெட்டாதீர்கள், எடுத்து உடுத்துங்கள். மடிப்புக்கு மடிப்பு கிழிந்து உடுத்த முடியாததாக இருந்தால் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் முழுப் புடவையையும் விரித்துப் படம் எடுத்து வையுங்கள், முந்தானையைப் பிரிக்காமல் பெரிய துண்டாக விடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கத்தரி பட்ட பிறகு சொன்னால் மனஸ்தாபம் வரும்.

மாட்டுவதற்குப் பின்பக்கம் மேல் ஓரத்தில் நாலு அங்குல அகலத்துக்கு முழு நீளத் துணிக்குழாய் ஒன்றைக் கையால் தைத்து, அதற்குள் மரக்கம்பை நுழையுங்கள். பாரம் ஒரே சீராகப் பரவும். வளையம் தைத்து இரண்டு ஆணியில் தொங்கவிட்டால் நடுவே தொய்ந்து பட்டு கிழியும். நேர் வெயில் படுகிற சுவரும் மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவரும் ஆகாது. பின்னால் ஒரு சிறு துணியில் உங்கள் பெயர், வருஷம், எந்தத் துண்டு யாருடைய எந்தப் புடவை என்பதைத் துவைத்தாலும் அழியாத மையில் எழுதித் தைத்துவிடுங்கள். தூசி சேர்ந்தால் மேலே கொசுவலைத் துணி ஒன்றைப் போட்டு, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து உறிஞ்சுங்கள். டிரை கிளீனிங்கிற்கு அனுப்ப வேண்டாம்.