மகள் புவியியல் படிக்கிறேன் என்கிறாள்: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவும் செய்தாயிற்று. இந்த நேரத்தில் மகள் வந்து "புவியியல் படிக்கிறேன், அப்புறம் சர்வதேச உறவுகளில் மேல்படிப்பு" என்று சொன்னால் எந்த வீட்டிலும் கலக்கம் வரத்தான் செய்யும். "ராத்திரி பூரா நேபாளம், சீனா என்று மேப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் முதலில், அவள் அந்த மேப்பில் என்னதான் பார்க்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நீங்கள் மறுத்தாலும் சம்மதித்தாலும் அவளுக்குப் பெரிதாக உதவாது.

அவள் பார்க்கிற நேபாளத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கம் இந்தியா, வடக்கே இமயமலை, அதைத் தாண்டினால் சீனாவின் திபெத். கடல் கிடையாது. நேபாளத்தை ஒரே நாடாக இணைத்த பிருத்வி நாராயண் ஷா, 18ஆம் நூற்றாண்டிலேயே தன் நாட்டை இரண்டு பாறைகளுக்கு நடுவில் அகப்பட்ட கிழங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். வெளிநாட்டிலிருந்து நேபாளத்துக்குக் கப்பலில் வரும் சரக்கு பெரும்பாலும் கொல்கத்தாவில் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் சுமார் 700 கிலோமீட்டர் வந்து, பீகாரின் ரக்சால் வழியாக நேபாளத்தின் பீர்கஞ்சுக்குள் நுழைகிறது. பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து எல்லாவற்றுக்கும் தெற்கு எல்லைதான் வாசல்.

1989 மார்ச்சில் இந்தியாவுடனான வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாயின. நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியதில் இந்தியாவுக்குக் கடும் அதிருப்தி. எல்லையில் இரண்டு கடவுகளைத் தவிர மற்றவற்றை இந்தியா மூடியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, விறகுக்காகக் காட்டை வெட்டுதல் என்று நேபாள மக்கள் அவதிப்பட்டார்கள். அடுத்த ஆண்டு எழுந்த மக்கள் போராட்டத்தில் அங்கே முப்பது ஆண்டுகளாக மன்னரின் கீழ் நடந்த, கட்சிகளுக்கு இடமில்லாத 'பஞ்சாயத்து' ஆட்சி முடிவுக்கு வந்தது. அந்தக் கோபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லை மூடியதால் வந்த தட்டுப்பாடும் அதில் ஒன்று. ஒரு நாட்டின் ஆட்சி முறை மாறுவதில் எல்லைக் கடவுக்கும் பங்கு இருக்கும் என்பதை உங்கள் மகள் இங்கிருந்துதான் பிடித்திருக்க வேண்டும்.

2015இல் நடந்தது இன்னும் நுணுக்கமானது. அந்த ஏப்ரலில் பெரிய நிலநடுக்கம் வந்து சுமார் 9,000 பேர் இறந்துபோனார்கள். செப்டம்பர் 20ஆம் தேதி நேபாளம் புதிய அரசியலமைப்பை அறிவித்து, நாட்டை ஏழு மாகாணங்களாகப் பிரித்தது. எப்படிப் பிரிப்பது என்பதுதான் சண்டை. இந்திய எல்லையை ஒட்டிய சமவெளிக்கு தராய் என்று பெயர். மொத்த நிலத்தில் அது சிறு பகுதிதான், ஆனால் மக்களில் பாதிக்கு மேல் அங்கே இருக்கிறார்கள். அங்குள்ள மதேசி மக்களுக்கு பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கொள்வினை கொடுப்பினை உண்டு. சமவெளி முழுவதையும் ஒன்றோ இரண்டோ மாகாணங்களாக்குங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். காத்மாண்டுவில் இருந்த பெரிய கட்சிகளோ, முடிந்தவரை மலையும் சமவெளியும் கலந்த மாகாணங்கள்தான் நாட்டைச் சேர்த்துவைக்கும் என்றன. கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட தராய் மாவட்டங்களில் எட்டு மட்டுமே சேர்ந்து தனிச் சமவெளி மாகாணம் ஆயிற்று. இன்று அதன் பெயர் மதேஷ் மாகாணம், தலைநகர் ஜனக்பூர்.

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்பது மாறிவிடும். அதனால்தான் மதேசிகள் எல்லைக் கடவுகளில் போய் உட்கார்ந்தார்கள். சரக்கு நின்றது. இது இந்தியா போட்ட முற்றுகை என்றது நேபாளம்; நாங்கள் எதையும் தடுக்கவில்லை, உங்கள் மக்களின் போராட்டம்தான் காரணம் என்றது இந்தியா. 2016 பிப்ரவரி வரை இது நீடித்தது. சீனப் பக்கம் போகலாம் என்றால், நிலநடுக்கத்தில் தாதோபானி கடவு மூடிக்கிடந்தது. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டிய குளிர்காலத்தில் எரிவாயு சிலிண்டர் இல்லாமல் மலைக் கிராமங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இதன் பின்விளைவுகளைப் பாருங்கள். 2016 மார்ச்சில் பிரதமர் கே.பி. ஒலி பெய்ஜிங் போய்ப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார். 2019இல் அதன் நடைமுறை விதிகளிலும் கையெழுத்தாகி, தியான்ஜின் உட்பட நான்கு சீனத் துறைமுகங்கள் காகிதத்தில் நேபாளத்துக்குத் திறந்தன. ஆனால் தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நடுவில் திபெத் பீடபூமி, மழைக்காலத்தில் சரியும் மலைச்சாலைகள். அதே 2019 செப்டம்பரில் பீகாரின் மோதிகாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் பெட்ரோலியக் குழாய் திறக்கப்பட்டது. நேபாளத்தின் வெளிநாட்டு வர்த்தகத்தில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவோடுதான். வடக்கே ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தெற்கு வாசலைப் பழுது பார்ப்பது என்பதுதான், யார் பிரதமராக வந்தாலும் காத்மாண்டுவின் வேலை.

உள்நாட்டு நிர்வாகத்திலும் நிலம் விடவில்லை. பரப்பில் மிகப் பெரியது கர்னாலி மாகாணம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 17 லட்சம் பேர்தான். பரப்பில் மிகச் சிறியது மதேஷ், அங்கே 61 லட்சம் பேர். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணத்தைத் தலைக்கணக்கில் பிரித்தால் கர்னாலி செத்தது. பரப்பளவில் பிரித்தால் மதேஷ் கொதிக்கும். நாடாளுமன்றத் தொகுதிகளை வரைவதிலும் இதே தகராறுதான். 2016 ஜனவரியில் செய்த முதல் அரசியலமைப்புத் திருத்தத்தில், தொகுதி வரைய மக்கள்தொகைக்கு முதலிடம், புவியியலுக்கு இரண்டாமிடம் என்று முடிவு செய்தார்கள். நம்மூரில் தொகுதி மறுவரையறை பற்றி நடக்கிற பேச்சும் அதே மாதிரிக் கணக்குதானே? 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலங்களுக்கு உள்ள மக்களவை இடங்களை 1976இல் ஏன் நிறுத்திவைத்தார்கள், அதை ஏன் 2001இல் மறுபடி நீட்டித்தார்கள் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். நேபாளத்தை உண்மையிலேயே படித்திருந்தால் அவளுக்குப் பதில் தெரியும்.

ஆறுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோசி அணை நேபாள மண்ணில் இருக்கிறது. 1954 ஒப்பந்தப்படி அதைக் கட்டி இயக்குவது இந்தியா. 2008 ஆகஸ்டில் நேபாளப் பக்கத்தில் குசகா என்ற இடத்தில் கரை உடைந்தது. வெள்ளத்தில் பீகாரில் லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை இழந்தார்கள். கரை ஒரு நாட்டில், பராமரிப்பு இன்னொரு நாட்டின் பொறுப்பில் என்றால் யார் யாரைக் கேட்பது? மேற்கே, 1816 சுகௌலி உடன்படிக்கை காளி ஆற்றை எல்லை என்று சொன்னது. அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. 2020இல் அந்த எல்லையோரத்தில் இந்தியா திறந்த லிபுலேக் சாலையும், அந்தப் பகுதியைத் தன்னுடையதாகக் காட்டிய நேபாளத்தின் புதிய வரைபடமும் அதிலிருந்து வந்த சண்டைதான். ஆனால் அதே மலையாறுகள் சேர்த்தும் வைக்கின்றன. 2024 நவம்பரில் நேபாளத்து நீர்மின்சாரம் 40 மெகாவாட், இந்திய மின்கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் போயிற்று. கடலில்லாத நாடு, கடலுள்ள நாட்டுக்கு மின்சாரம் விற்கிறது.

ஒரு எச்சரிக்கையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் மேப்பிலேயே எழுதியிருக்கிறது என்று பேசுகிறவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். நம்ப வேண்டாம். பூடானுக்கும் கடல் இல்லை, அதுவும் இதே இரண்டு நாடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது; ஆனால் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. நிலம் சில வழிகளை எளிதாக்கும், சிலவற்றைக் கடினமாக்கும். தேர்ந்தெடுப்பது மனிதர்கள்தான்.

சரி, சோற்று விஷயத்துக்கு வருகிறேன்.

"அரசியல் புவியியலாளர் தேவை" என்று எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுக்காது. இதை ஒளிக்க விரும்பவில்லை. இந்தப் படிப்பு வேறு பெயருள்ள வேலைகளுக்குள் கொண்டுபோய் விடும். நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குடிமைப் பணித் தேர்வு. அதில் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். எல்லைகள் பற்றிய விதிகள், இந்தியக் கூட்டாட்சியின் புவியியல் அடிப்படை, மாநிலச் சீரமைப்பு, தெற்காசியப் புவிசார் அரசியல் எல்லாம் அந்தப் பாடத்திட்டத்தில் நேரடியாகவே இருக்கின்றன. பொது அறிவுத் தாள்களில் ஆட்சி நிர்வாகமும் அண்டை நாட்டு உறவும் தனியாக வருகின்றன. வெளியுறவுப் பணிக்குப் போவதும் இதே தேர்வு வழியாகத்தான். ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு பட்டம் எடுக்கச் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் எழுதி ஆயிரம் பேர் அளவில் தேறுகிற தேர்வு அது. எத்தனை முறை எழுதுவது, எந்த வயதோடு நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் தொழில் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. இந்தத் துறையில் அதற்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். செயற்கைக்கோள் படம், நில அளவை, மக்கள்தொகைக் கணக்கு எல்லாவற்றையும் கணினியில் ஒரே வரைபடத்தில் அடுக்கி ஆராயும் வேலை. நகர்ப்புறத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, நீர்வளம், சரக்குப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு எங்கும் இதற்கு ஆள் தேவைப்படுகிறது. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி திறக்கும் முன்பே வீட்டில் பழகத் தொடங்கலாம். கூடவே புள்ளியியல் கொஞ்சம் திடமாக வேண்டும்.

ஆசிரியர் பணி இன்னொரு வழி: கல்லூரிக்கு நெட் தேர்வு, மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு. பத்திரிகைத் துறையில் அண்டை நாட்டுச் செய்தியைப் புரிந்து எழுதுகிறவர்கள் தமிழில் குறைவு, அது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம். ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் டெல்லியில் இருக்கின்றன, ஆரம்பச் சம்பளம் குறைவு. அங்கே நுழைய மொழி வேண்டும். இந்தி தெரிந்தால் தராய் சமவெளியில் சமாளிக்கலாம். நேபாளியோ சீனமோ வங்காளமோ ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொண்டால் மதிப்பு கூடும். சிங்களம் கற்ற தமிழ் மாணவர்கள் மிகக் குறைவு, இலங்கை பற்றி ஆராய அதைவிடப் பெரிய துணை இல்லை.

எங்கே சேர்ப்பது? சென்னையில் ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் புவியியல் இருக்கிறது, கட்டணமும் உங்களுக்குச் சுமையாக இருக்காது. எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். களப்பயணமும் ஜி.ஐ.எஸ். ஆய்வகமும் பெயரளவில் இருக்கிறதா, உண்மையில் நடக்கிறதா என்று இறுதியாண்டு மாணவிகளிடம் கேளுங்கள். மேல்படிப்புக்கு ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. கடைசியில் சொன்ன இடத்தில் நேபாளத்து மாணவர்களே பக்கத்து இருக்கையில் இருப்பார்கள்.

பொறியியலை விட மனம் வரவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற பி.இ. படிப்பு இருக்கிறது, கலந்தாய்வு வழியாகவே சேரலாம். சர்வதேச உறவுகள் முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், ஆகவே கதவு மூடிவிடாது. ஆனால் அங்கே நான்கு ஆண்டுகள் கணிதமும் நில அளவையும்தான்; நேபாளத்தை அவள் சொந்தமாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கணிதம் பிடிக்குமா என்பதை நீங்கள் எழுதவில்லை. பிடிக்காது என்றால் இந்த நடுவழியை வற்புறுத்தாதீர்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்ன வேலை கொடுங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் நான்கு துண்டாக இருக்கிறது: புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில், மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். ஏன் இப்படி ஆயிற்று, ஏனாமில் இருக்கும் ஒருவருக்குத் தலைநகரில் ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் என்ன செய்கிறார், ஆட்சிமொழி எது, வெள்ளம் வந்தால் முதலில் வருவது எந்த அரசின் படகு என்று விசாரித்து அவள் கைப்பட இரண்டு பக்கம் எழுதட்டும். ஒரு வாரம் அவகாசம் போதும். இணையத்தில் இருந்ததை எடுத்து ஒட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படியானால் கலந்தாய்வுக்கே போகட்டும். யாரிடமாவது தொலைபேசியில் பேசி, பழைய ஒப்பந்தத்தைத் தேடி, பதில் கிடைக்காத கேள்விகளையும் குறித்து வைத்திருந்தால், கலைக் கல்லூரி விண்ணப்பத் தேதி முடியும் முன் அவளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த இரண்டு பக்கத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளுக்கே நேரடியாக எழுதுகிறேன்.