மந்தை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா. சிங்கங்களுக்கு, காக்கைகளுக்கு, வாத்துகளுக்கு என்று ஆங்கிலத்தில் தனித்தனியாகக் கூட்டப் பெயர்கள் இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் ‘கூட்டம்’ என்றே சொல்லி ஒப்பேற்றுகிறோம். புதிய சொற்களை உருவாக்கிப் பாடநூலில் சேர்க்க வேண்டாமா? ஆனால் மக்களே சிந்திக்காத மந்தையாகிவிட்டபோது இதற்கெல்லாம் யார் கவலைப்படப்போகிறார்கள்?

ஆர்.

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து ஏங்காதீர்கள். அதில் பலவும் 1486இல் இங்கிலாந்தில் அச்சான ஒரு வேட்டை நூலிலிருந்து வந்தவை. காக்கைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘கொலை’ என்று பெயர். கன்னியாஸ்திரீகளுக்கும் ஒரு கூட்டப் பெயர் உண்டு, ‘தேவைக்கு மிஞ்சியது’ என்ற பொருளில்! பாதி பகட்டு, பாதி கிண்டல். நமக்கு மாட்டுக்கு நிரை இருக்கிறது, எறும்புக்குச் சாரை, சங்கப் பாடலில் பறவைக்குத் தொழுதி. போதாதா? பாடநூல் பேச்சை விடுங்கள், பிள்ளைகள் பாவம்.

என்னை எழுத உட்காரவைத்தது உங்கள் கடைசி வரிதான். கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மேடையிலும் கட்டுரையிலும் யாருக்காவது மக்கள்மேல் கோபம் வந்தால் உடனே ‘மந்தை’ என்கிறார்கள், சொல்பவர் மட்டும் எப்போதும் அதற்கு வெளியே நிற்கிறார். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள் தம்பி. மந்தையை ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

நான் வளர்ந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு செம்மறிப் பட்டி இருந்தது. மேய்ச்சல் முடிந்து ஆடுகள் திரும்பியதும் குட்டிகளை அடைத்திருக்கும் படலைத் திறந்துவிடுவார்கள். ஒரே கூச்சல், புழுதி. குட்டி கண்ணில் பட்ட மடியில் முட்டும், தாயோ கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை மோந்து பார்க்கும். தன்னுடையது என்றால் அசையாமல் நிற்கும். இல்லையென்றால் தலையால் ஒரே தள்ளு, குட்டி உருண்டு அடுத்த மடியைத் தேடிப் போகும். கொஞ்ச நேரத்தில் கூச்சல் அடங்கிவிடும், அவையவை தாயோடு சேர்ந்திருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே ஆடு.

2001இல் இங்கிலாந்தில் கீத் கெண்ட்ரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் செம்மறிகளுக்குப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு வருடத்துக்கு மேல் அவை நினைவில் வைத்திருந்தன. நமக்குப் பக்கத்துத் தெருக்காரர் முகம் நினைவிருக்கிறதா?

சரி, நாய் வந்தால் எல்லாம் ஒன்றாக ஒடுங்குகின்றனவே, அது மூளையில்லாத்தனம்தானே என்பீர்கள். அதுவும் இல்லை. டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1971லேயே இதற்கு ஒரு விளக்கம் கொடுத்துவிட்டார். ஓரத்தில் நிற்பதைத்தான் வேட்டைவிலங்கு முதலில் பிடிக்கும், அதனால் ஒவ்வொன்றும் தனக்கும் ஆபத்துக்கும் நடுவில் இன்னொன்றை வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. பின்னால் ஆடுகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவியைக் கட்டி, நாயை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மந்தையின் நடுவை நோக்கித்தான் ஓடின. அதாவது ஒவ்வோர் ஆடும் தன் கணக்கைத் தனியாகப் போடுகிறது, நமக்குத் தெரிவது மொத்தக் கூட்டல் மட்டும். மக்களும் அப்படித்தான் என்று நீங்கள் எழுதியிருந்தால் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன், உட்கார்ந்து பேசியிருப்போம். ‘சிந்திக்காத’ என்ற சொல்லைத்தான் என்னால் விடமுடியவில்லை.

கோபப்படாதீர்கள். உங்கள் வயதில் எல்லார்மேலும் எரிச்சல் வருவது இயல்பு, மொழிமேல் இவ்வளவு அக்கறை இருப்பது அதைவிட நல்லது. ஒரு சாயங்காலம் ஏதாவது பட்டிக்குப் போய்ப் படல் திறக்கும்வரை நில்லுங்கள். நோட்டு வேண்டாம். அப்புறம் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.