ஆர்வம் போனால் படிப்பும் போக வேண்டுமா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் முதலீடு பற்றி வெறியோடு படிக்கத் தொடங்கினேன். வீடியோ, செய்தி என்று ஒன்றையும் விடவில்லை. பங்குச் சந்தை இறங்கியதும் செயலியைத் திறக்கவே மனம் வரவில்லை, படிப்பும் நின்றுபோனது. ஊக்கத்தை எப்படி மீட்பது? இல்லை, பணம் எல்லாவற்றையும், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு ஒதுங்கிவிடட்டுமா?

பதில்: ஊக்கத்தைத் தேடிப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். விலை ஏறும்போது படிக்கத் தூண்டியது விலைதான். அது இறங்கியதும் தூண்டுதலும் போய்விட்டது. உங்களிடம் விடாமுயற்சி இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சந்தை எப்போது எழும் என்பதை நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஐந்தே வாரங்களில் சுமார் 34 சதவீதம் சரிந்தது. ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் நிக்கேய் குறியீடோ 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 வரை காத்திருந்தது. சரிவின் நடுவில் நிற்பவருக்கு இது எந்த வகை என்று தெரியாது. அதனால் விலையை விட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டு படிக்கப் பழகுங்கள்.

எதைப் பிடிப்பது? உங்கள் சொந்தக் கேள்வியை. நீங்கள் பார்த்த வீடியோக்களில் கேள்வியும் அடுத்தவருடையது, பதிலும் அடுத்தவருடையது. பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒரு பங்கை ஏன் வாங்குகிறீர்கள் என்பதை வாங்கும் முன்பே நாலு வரி எழுதி வையுங்கள். என்ன நடந்தால் என் கணிப்பு தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இது ரொம்ப முக்கியம். எழுதி வைக்காவிட்டால் மனசு பிற்பாடு கதையை மாற்றிவிடும். லாபம் வந்தால் ‘முன்பே தெரியும்’ என்போம், நஷ்டம் வந்தால் சந்தையைத் திட்டுவோம். இரண்டிலும் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1993-இல் டெக்ஸ்டர் என்ற காலணி நிறுவனத்தை, பணத்துக்குப் பதில் தன் பெர்க்‌ஷயர் நிறுவனப் பங்குகளைக் கொடுத்து வாங்கினார். நிலைத்திருக்கும் என்று அவர் நம்பிய போட்டி வலிமை சில வருடங்களிலேயே காணாமல் போனது. 2007-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், அதுவரை தான் செய்ததிலேயே மோசமான ஒப்பந்தம் அதுதான் என்று அவரே எழுதினார். எந்த ஊகம் பொய்த்தது, பங்குகளைக் கொடுத்ததால் இழப்பு எப்படிப் பெருகியது என்று பிரித்துச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் தன் முடிவைத் திரும்பிப் பார்க்கிறாரே, அதைத்தான் நான் தொடர்ந்து கற்பது என்பேன். 1977 முதலான அந்தக் கடிதங்கள் பெர்க்‌ஷயரின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம், நிறுவனம் வருடாவருடம் தன் கணக்கைச் சொல்லும் ஆண்டறிக்கை. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்தால் மறுபடி சலித்துவிடும். வைத்திருக்கும் பங்குகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். லாபத்தையும், தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கத்தையும் ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபம் வருடாவருடம் ஏறி, ரொக்கம் மட்டும் ஏறவில்லை என்றால் ஏன்? வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி குவிகிறதா, சரக்கு விற்காமல் தேங்குகிறதா? பாக்கி என்றால், அது எத்தனை நாளில் வசூலாகிறது? ஒரு கேள்வி அடுத்ததற்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு இருந்தால் தனியாக ஊக்கம் தேவைப்படாது.

இண்டெக்ஸ் ஃபண்ட் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனிப் பங்குகளை அலசுவதில் உண்மையாகவே ருசி இல்லாதவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அங்கேயும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 50 சதவீதம் இறங்கிய பணம் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். அந்த இறக்கம் வந்தால் எவ்வளவு காலம் கை வைக்காமல் இருக்க முடியும், நடுவில் எந்தச் செலவுக்கு இந்தப் பணம் தேவைப்படும் என்று யோசித்து, அதையும் எழுதிவிட்டுப் போடுங்கள். பணத்தைப் பிரித்து, பெரும் பகுதியை ஃபண்டில் விட்டு, சிறு பகுதியில் மட்டும் பங்குகளை அலசிப் பார்ப்பதும் சரியான வழிதான். எதுவானாலும், பழைய பங்குகளை விற்பதற்கு முன் அவற்றை ஏன் வாங்கினீர்கள் என்று நினைவிலிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். காரணமே எழுத வராத பங்குகளை முதலில் விற்கலாம்.