ஒட்டிய கால் மறுபடி நொண்டுவது ஏன்?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைப் பெண் நாய்க்கு இப்போது 7 மாதம், எடை 12 கிலோ. 4 மாதக் குட்டியாக இருந்தபோது பைக் இடித்து, வலது முன்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. 5 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தோம். கட்டைப் பிரித்தபோது எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து நன்றாக ஒட்டிவிட்டது என்றார்கள். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. இப்போது சில நாள் காலையில் எழுந்ததும் காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. நிறைய ஓடினால் மறுநாள் நொண்டல் அதிகம். நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுத்தால் அடங்குகிறது. பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருப்பதுபோலத் தெரிகிறது. கால்சியம் டானிக் கொடுத்தால் போதுமா?
— வாசகர், சாத்தூர்

பதில்: டானிக் போதாது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். அதை வைத்துப் பார்த்தால் இந்த வாரத்துக்குள்ளேயே மறுபடி எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். வளரும் நாயின் காலில் எலும்பு ஒட்டிவிட்டது என்றால், முறிந்த இடம் கூடிவிட்டது என்று மட்டுமே பொருள். அதற்குக் கீழே இருக்கும் வளர்ச்சித் தட்டும் (எலும்பு நீள்வது இந்தக் குருத்தெலும்பில்தான்), மேலே இருக்கும் முழங்கை மூட்டும் எப்படி இருக்கின்றன என்று அந்த ஒரு வார்த்தை சொல்லாது.

நாயின் முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. எலும்பு நீளமாவது அதன் நுனிகளில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகளில். ரேடியஸுக்கு மேல் நுனி, கீழ் நுனி இரண்டிலும் வளர்ச்சி உண்டு. அல்னா அப்படியல்ல. அதன் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 85 சதவீதம் மணிக்கட்டை ஒட்டிய ஒரே ஒரு கீழ்த்தட்டிலிருந்துதான் வருகிறது. நாய்களில் அந்தத் தட்டு தட்டையாகவும் இல்லை, கூம்பு வடிவில் இருக்கிறது. தட்டையான தட்டின் மீது பக்கவாட்டில் அடி விழுந்தால் வழுக்கி விலகும். கூம்பு விலக வழியில்லை, எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தாலும் நசுங்கும். நசுங்கிய தட்டு வளர்வதை நிறுத்திவிடுகிறது. ரேடியஸ் மட்டும் தொடர்ந்து நீள்கிறது. நீளாத அல்னா நாணாகிறது, நீளும் ரேடியஸ் வில்லாக முன்பக்கம் வளைகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது.

பார்த்தால் தெரிவது இந்த வளைவு. ஆனால் வலி பெரும்பாலும் முழங்கையில். ரேடியஸின் தலை மேற்கை எலும்பை மேலே தள்ளும், குட்டையாகிப்போன அல்னாவின் கொக்கிப் பகுதி அதே எலும்பைக் கீழே இழுக்கும். இடுக்கியில் அகப்பட்டதுபோல மூட்டு நெரிபடுகிறது, குருத்தெலும்பு தேய்கிறது. விட்டு விட்டு நொண்டுவது இதனால்தான். படுத்து எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கும், நாலு அடி நடந்ததும் இளகும். ஓடிய மறுநாள் வீக்கத்தோடு வலி திரும்பும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதோடு பொருந்துகின்றன. முறிந்த இடமே வலித்தால் பெரும்பாலும் நடக்க நடக்கக் கூடும், குறையாது.

பழைய எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. வளர்ச்சித் தட்டுக் காயங்களைச் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இருவர் 1963ல் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நசுங்குவது அதில் ஐந்தாவது வகை. அடிபட்ட நாளில் படத்தில் அது ஒன்றுமில்லாததுபோலவே இருக்கும். தட்டு மூடத் தொடங்கி, இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் வந்த பிறகே பிடிபடும். அதனால்தான் 8 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு முன்கை முறிந்தால், கட்டுப் பிரித்த பிறகும் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

இன்னொரு வழியிலும் இதே விளைவு வரலாம். முறிந்த இடத்தில் ஊறிய புது எலும்பு ரேடியஸையும் அல்னாவையும் சேர்த்தே ஒட்டிவிடும். இரண்டு தட்டும் நல்ல நிலையில் இருந்தாலும், வளரும்போது இரண்டு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று நழுவ வேண்டும். ஒட்டிக்கொண்டால் நழுவ முடியாது, முழங்கை விலகும். எக்ஸ்ரே பார்ப்பவரிடம் இதையும் குறிப்பாகக் கேளுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டில் சில வேலைகள் செய்யலாம். நாயை சிமெண்ட் தரையில் நேராக நிறுத்தி, நாயின் முழங்கை உயரத்துக்கு உங்கள் போனைத் தாழ்த்தி, முன்னாலிருந்து ஒரு படம், இரு பக்கமும் ஒவ்வொரு படம் எடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்த படத்தில் வளைவு தெரியாது. பிறகு தையல் டேப்பால் முழங்கையின் பின் முனையிலிருந்து, மணிக்கட்டின் பின்புறம் தரையில் படாமல் தனியாக இருக்கும் சிறிய மெத்தை வரை அளவெடுங்கள். இரண்டு காலுக்கும் மும்மூன்று தடவை அளந்து சராசரி எழுதிக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் அளவில் கை தவறலாம். 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது கைத்தவறு அல்ல. ஒரு விஷயம்: ஒல்லிக்கால் வேட்டை நாய்களுக்கு இரண்டு பாதமும் கொஞ்சம் வெளியே திரும்பியிருப்பது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறதா, மாதத்துக்கு மாதம் கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நடையையும் வீடியோ எடுங்கள். காலை எழுந்தவுடன் ஒன்று, 10 நிமிடம் நடந்த பின் ஒன்று. கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மெல்ல நடத்துங்கள். முன்காலில் வலி இருந்தால், நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கிற கால் படும்போது தலை உயரும். தலை எப்போது தாழ்கிறது என்பதைக் கவனித்தால் எந்தக் கால் என்பது நிச்சயமாகத் தெரிந்துவிடும். மருத்துவமனையில் பயத்தில் நாய் நொண்டாமலே நடந்துவிடும், அப்போது இந்த வீடியோதான் பேசும். கையோடு விரலிடுக்கையும் பிரித்துப் பாருங்கள். கரிசல் காட்டுப் பக்கம் கருவேல முள் முனை முறிந்து உள்ளே கிடப்பதும், விரலிடுக்கில் உண்ணி கடித்துக்கொண்டிருப்பதும் சகஜம்.

பழைய முறிவு இருக்கிறது என்பதற்காக எல்லா நொண்டலையும் அதன் தலையிலேயே கட்டிவிடவும் கூடாது. இந்த வயதில் வேறு காரணங்களும் உண்டு. ஒரு வாரம் வலது முன்கால், அடுத்த வாரம் பின்கால் என்று நொண்டல் இடம் மாறினால், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். எர்லிக்கியா கிருமி மூட்டுகளை வீங்க வைக்கும், ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை விழும், தீனி குறையும், உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் (நாய்க்கு 102.5 வரை இயல்பு). இடம் மாறும் நொண்டலுக்கு 5 முதல் 18 மாதப் பெரிய நாய்களில் பேனோஸ்டியைட்டிஸ் என்ற எலும்பு அழற்சியும் காரணமாகலாம். நீள எலும்பின் நடுவில் அழுத்தினால் கத்தும், சில வாரங்களில் தானே அடங்கும், மறுபடி வரும். உங்கள் நாய் ஒரே காலைத்தான் தாங்குகிறது என்றால் இவை இரண்டும் பின்னுக்குப் போகின்றன.

முறிந்த எலும்பைப் பொருத்தத் தகடு, ஸ்க்ரூ, உலோகக் கம்பி வைத்த நாய்களின் கதை வேறு. ஸ்க்ரூ தளர்ந்து நொண்டலாம். தகட்டில் ஒட்டிய கிருமி மாதக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, பிறகு வீக்கமாகவோ சீழ் வடியும் சிறு துளையாகவோ வெளிவரலாம். அப்போது ஆன்டிபயாடிக்கில் தற்காலிகமாக அடங்கும், நிறுத்தினால் திரும்பும். எலும்பு கூடியிருந்தால் உலோகத்தை எடுத்தால்தான் தீரும். பின்காலில் நாலு அடி நொண்டிவிட்டு, காலை உதறி, உடனே சாதாரணமாக ஓடினால் முழங்கால் சில்லு நழுவுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்ரேக்கு வருவோம். வலது காலை மட்டும் எடுத்தால் பாதித் தகவல்தான். இரண்டு முன்கால்களையும், முழங்கையிலிருந்து பாதம் வரை ஒரே படத்தில் அடங்கும்படி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். முழங்கைக்குத் தனியாகவும் பக்கவாட்டுப் படம் வேண்டும். நல்ல காலில் அல்னாவின் கீழ்நுனியில் 'வி' வடிவக் கருங்கோடு தெரியும். அதுதான் திறந்திருக்கும் தட்டு. அடிபட்ட காலில் அந்தக் கோடு மங்கியோ மறைந்தோ இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. வலிக்கிற காலை முரட்டுத்தனமாக நீட்டிப் பிடித்து எடுத்த படம் கோணலாக விழும், எனவே மயக்க ஊசிக்குத் தயங்காதீர்கள். ஊசி போட வேண்டியிருப்பதால் காலையில் தீனி வேண்டாம். எத்தனை மணி நேரப் பட்டினி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துப் போங்கள். எலும்பு அறுவை செய்யும் வசதி அருகில் இல்லாவிட்டால், திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊருக்கு வசதி. மற்ற ஊர் வாசகர்களுக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

ஏன் இவ்வளவு அவசரம்? நாயின் கால் எலும்பு வேகமாக நீள்வது 3 மாதத்திலிருந்து 6 மாதம் வரை. இந்த அளவு நாய்களில் அல்னாவின் கீழ்த்தட்டு ஏறத்தாழ 8 முதல் 11 மாதத்துக்குள் தானாகவே மூடிவிடும். ரேடியஸில் வளர்ச்சி மிச்சமிருக்கும்போது பிடித்தால், அல்னாவின் கீழ்ப்பகுதியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டை அதன் உறையோடு எடுத்துவிட்டு, மறுபடி ஒட்டாமலிருக்க நாயின் சொந்தக் கொழுப்பை அங்கே வைக்கிறார்கள். நாணை அறுத்துவிட்டால் வில் நிமிரும். ரேடியஸ் தடையில்லாமல் வளர்ந்து வளைவை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். 5 மாதத்தில் செய்தால் பலன் அதிகம். 7 மாதத்தில் நிமிர்வு குறைவாகவே இருக்கும், ஆனாலும் மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம். முழங்கை விலகியிருந்தால் அல்னாவை மேல்பக்கத்தில் வெட்டிவிட, மூட்டு தன் இடத்தில் பொருந்தும். வளர்ச்சி முடிந்து வளைவு பெரிதாக இருந்தால் ரேடியஸையே வெட்டி நிமிர்த்தித் தகடு போட வேண்டிவரும். அது பெரிய அறுவை. வளைவு சொற்பம், முழங்கை சரியாகப் பொருந்தியிருக்கிறது என்றால் கத்தியே வேண்டாம், கண்காணித்தால் போதும்.

இப்போது மாத்திரை. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் இரண்டும் நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். டைக்ளோபினாக் 2006லிருந்து இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடை. அந்தத் தடை வந்தது பிணந்தின்னிக் கழுகுகளுக்காக என்றாலும், நாய்க்கும் அது ஆகாது. மருத்துவர்கள் நாய்க்குக் கொடுக்கும் வலி மருந்தான மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினம் 0.1. உங்கள் 12 கிலோ நாய்க்கு அது 2.4, பிறகு 1.2 மில்லிகிராம். மனிதர்களுக்கான 15 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது அன்றாட அளவைப்போல ஆறு மடங்கு. மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தி வந்தாலோ, தீனியை ஒதுக்கினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலி மறைந்த நாய் துள்ளி ஓடி அதே மூட்டை மேலும் தேய்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கால்சியம், நசுங்கிய தட்டைத் திறக்காது. ஆனால் தீனியைக் கேட்காமல் விடமுடியாது. பாக்கெட் குட்டித்தீனி மட்டும் தின்னும் நாய்க்குக் கூடுதல் கால்சியம் கொடுக்காதீர்கள், வளரும் எலும்புக்கு அதுவும் கெடுதல். சோறும் கோழிக்கறியும் மட்டுமே தின்றால் நிலைமை தலைகீழ். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அந்தத் தீனியில் எலும்பு மெலிந்து, சிறு அடிக்கே மடங்கி முறியும். உங்கள் நாய்க்குத் தினம் 2.5 முதல் 3 கிராம் கால்சியம் வேண்டும். வேகவைத்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 கிராமில், ஏறக்குறைய 2 கிராம் கிடைக்கும். வீட்டுச் சாப்பாடு மட்டும் என்றால் நாளுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தேக்கரண்டி தீனியில் கலந்து கொடுங்கள். வெயிலில் விட்டால் வைட்டமின் டி வந்துவிடும் என்பது நாய்க்குப் பொருந்தாது. அதன் தோல் போதுமான அளவு தயாரிப்பதில்லை, தீனியில்தான் வர வேண்டும்: முட்டை மஞ்சள் கரு, முள் நீக்கி வேகவைத்த மத்தி மீன், கொஞ்சம் ஈரல்.

எக்ஸ்ரே முடிவு வரும்வரை கயிற்றில் 10 நிமிட நடை, நாளுக்கு மூன்று தடவை. முயல் விரட்டுவது, மாடிப்படி, திண்ணையிலிருந்து குதிப்பது, டைல்ஸ் தரையில் பாய்வது எதுவும் வேண்டாம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடவும் வேண்டாம், படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் விறைக்கும். எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிடுவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வளைந்த எலும்பு இழுப்பால் நிமிராது, நெரிபடும் முழங்கைதான் மேலும் காயப்படும்.

காலைத் தரையில் ஊன்றவே மறுத்து ஒரு நாள் கடந்தாலோ, முறிந்த இடம் சூடாக வீங்கினாலோ, எக்ஸ்ரே தேதிக்குக் காத்திராமல் உடனே கொண்டுபோங்கள். அறுவை நடந்தாலும் நடக்காவிட்டாலும், நாய்க்கு 11 மாத வயது முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே டேப்பால் அதே இடத்தில் அளந்து, தேதி போட்டு, முன்பக்கப் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வித்தியாசம் கூடினால் அடுத்த எக்ஸ்ரேயை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.