'மதிப்பிற்குரிய ஐயா'வுக்கு அப்புறம் என்ன எழுதுவது?

வார்டு, ஐசியூ என்று 26 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி 9 வருடம் வேலைக்கு ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. கவர் லெட்டர், அதாவது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயோடு அனுப்பும் கடிதம், அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். சம்பளம், விசா பற்றியெல்லாம் என்னிடம் பதில் இல்லை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அனுப்பும் முன் மருத்துவமனையின் பெயரைச் சரிபாருங்கள். பழைய கடிதத்தைத் திருத்தும்போது முந்தைய இடத்தின் பெயர் அப்படியே நின்றுவிடும்.

சிஸ்டர், இப்போதுதான் படிப்பு முடித்தேன். அனுபவமே இல்லை. ஒரு பக்கத்தை எதை வைத்து நிரப்புவது?

நிரப்பவே வேண்டாம், முக்கால் பக்கம் போதும். அனுபவம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். படிக்கும்போது வார்டுப் பயிற்சிக்கு, கிளினிக்கல் போஸ்டிங், போனீர்கள் அல்லவா? எந்த வார்டு, எத்தனை வாரம், ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் நீங்கள் கவனித்த ஒரே ஒரு விஷயம்.

ஒரு பெண் எழுதிய பத்தி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படுத்த படுக்கையாக ஒரு மூதாட்டி, பிரேடன் ஸ்கோர் 11. (6 முதல் 23 வரை போகும் அளவு அது, குறையக் குறையப் படுக்கைப்புண் அபாயம் அதிகம்.) 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டும் அட்டவணை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. இவர் சாக்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். குதிகால் சிவந்திருந்தது, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை; படுக்கைப்புண் தொடங்குவதன் அடையாளம் அது. சார்ஜ் நர்ஸிடம் சொல்லி, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் செய்து, சார்ட்டில் எழுதியிருக்கிறார். மொத்தம் ஐந்து வரி. 'கூர்ந்து கவனிப்பேன்' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கூப்பிட்டோம், எடுத்தோம்.

ரெஸ்யூமேயில் எல்லாம் இருக்கிறதே, இது எதற்கு?

நீங்கள் எங்கெல்லாம் இருந்தீர்கள் என்பதை ரெஸ்யூமே சொல்லும். டயாலிசிஸ் யூனிட் விளம்பரத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஏன் விண்ணப்பிக்கிறார் என்பதைக் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு), ஏசிஎல்எஸ் (இதய அவசர நிலைக்கான மேம்பட்ட உயிர்காப்பு) பயிற்சிச் சான்றிதழை எங்கே குறிப்பிடுவது?

விளம்பரத்தில் கேட்டிருந்தால் முதல் பத்தியிலேயே, காலாவதியாகும் மாதத்தோடு. இந்தப் பயிற்சிகளுக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் தரும் கார்டு 2 வருடம்தான் செல்லும்.

கடிதம் இரண்டு பக்கம் போகலாமா?

கூடாது.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றித் தொடங்கினால் நன்றாக இருக்குமா மேடம்?

எத்தனையோ கடிதங்களில் அந்த விளக்கு எரிந்து பார்த்துவிட்டேன். அந்த அம்மா கிரிமியப் போரில் செத்தவர்களைக் கணக்கெடுத்து, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம் என்று 1858இல் வரைபடம் போட்டுக் காட்டியவர். அவரைப் பின்பற்ற ஆசை என்றால் கடிதத்தில் எண்களைப் போடுங்கள்.

நீங்கள் சொல்வது சரியில்லை மேடம். நர்சிங் என்றாலே சேவை. என் கடிதத்தின் முதல் பத்தியே சேவை மனப்பான்மை பற்றித்தான். எண்ணை வைத்துக் கருணையை அளக்க முடியுமா?

முடியாதுதான். ஆனால் கருணை உண்டு என்று எழுதிவிட்டால் உண்டு என்று ஆகிவிடுமா? மேசையில் 60 கடிதம் இருந்தால் ஐம்பதுக்கு மேல் அதே வரி. வென்டிலேட்டரில் இருப்பவரால் பேச முடியாது. எழுத்துப் பலகையைக் கையில் கொடுத்து, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு 'தாகம்' என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன் என்று எழுதுங்கள். கருணை என்ற சொல்லே தேவைப்படாது.

நானும் அவர் கட்சிதான் அக்கா. அம்மாவை வாரம் 3 முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனதைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துத்தான் கூப்பிட்டோம் என்று இன்டர்வியூவில் சொன்னார்கள்.

டயாலிசிஸ் யூனிட்டுக்கா? அப்படியென்றால் நானும் கூப்பிட்டிருப்பேன். சொந்தக் கதையே வேண்டாம் என்று நான் நினைத்திருந்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நீங்கள் கண்ணால் பார்த்தது, சேவை பற்றிய பிரசங்கம் இல்லை.

அப்படியானால் 'சேவை' என்ற சொல்மீதே ஏன் இவ்வளவு கோபம்?

சரி, சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மூன்றாவது நாளாக டபுள் ஷிஃப்ட் முடியாது என்று ஒரு பெண் சொன்னாள். அவள் கடிதத்தை எடுத்து, "சேவை செய்யத்தானே வந்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாயே" என்று அவள் முன்னாலேயே படித்துக் காட்டினார்கள். நர்சிங் படித்துச் செய்யும் தொழில். தொழில் தெரிந்தவராக எழுதுங்கள்.

குழந்தைக்காக 4 வருடம் வேலையை விட்டிருந்தேன். மறைக்கலாமா?

வேண்டாம்மா. ஒரே வாக்கியம், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல். அடுத்த வாக்கியத்தில் நர்ஸ் பதிவைப் புதுப்பித்தது, பயிற்சி எடுத்தது.

பிரபலமான ஒருவரை ஐசியூவில் பார்த்துக்கொண்டேன். பெயரைப் போட்டால் மதிப்புக் கூடுமா?

அந்தக் கடிதத்தை அங்கேயே மூடி வைத்துவிடுவேன். நோயாளியின் பெயர், படுக்கை எண், தேதி, ஆளை அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. என்னிடம் சொல்பவர் நாளை இன்னொருவரிடமும் சொல்வார்.

மாதிரிக் கடிதம் ஒன்று அனுப்ப முடியுமா?

மாட்டேன். ஒரே வாரத்தில் 7 பேர் ஒரே முதல் வரியோடு அனுப்பியிருந்தார்கள்.

சிஸ்டர், ஒரு சாம்பிள் மட்டும்...

மேலே பாருங்கள்.

எத்தனை பக்கம் இருக்கலாம்?

தம்பி, மேலே பாருங்கள்.

பிடிஎஃப்பா, வேர்டா?

பிடிஎஃப். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் பணியும் இருக்கட்டும், 'ஃபைனல் நியூ 3' வேண்டாம். மருத்துவமனை பெயரைப் பார்த்தீர்களா?